ஆலம்கீர் என்று இருந்தால் அவுரங்கசீப் காசா?

கேள்வி:

எங்கள் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆயா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. வரலட்சுமி நோன்பன்று அதைக் கலசத்துக்குள் போடுவார். மறுநாள் எடுத்துத் துணியில் முடிந்து வைத்துவிடுவார். காசு முழு வட்டமாக இல்லை, நல்ல தடிமன். இரண்டு பக்கமும் அரபு மாதிரி எழுத்து, அதுவும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் சின்னச் சின்னக் குத்துகள். மேலே ஏதோ ஒட்டி எடுத்த தடம். உருது தெரிந்த ஆசிரியர் ஒருவர், "ஆலம்கீர் என்று இருக்கிறது, வருஷத்தில் கடைசி இரண்டு எண் 72, பின்பக்கம் 6" என்று படித்துச் சொன்னார். தெரிந்தவர் ஒருவர், இது அவுரங்கசீப் காசு, எழுத்து வெட்டுப்பட்டிருப்பதால் இன்னும் அபூர்வம், லட்சக்கணக்கில் போகும் என்கிறார். நகைக்கடைக்காரர், "11.3 கிராம், பழைய வெள்ளி, கழிவு போக எடைக்கு எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் பாலீஷ் போட்டுத் தருகிறேன்" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், காசு தனக்கு வேண்டும் என்கிறார். இது உண்மையான காசா? யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் காசைப் பாலீஷ் போட மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பாலீஷ் சக்கரத்தில் இரண்டு நிமிடம் பிடித்தாலே போதும், போனது போனதுதான். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் ஆயா வைத்திருந்தது ஆற்காட்டு ரூபாய். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் சுத்தியலால் கையடியாக அடித்த காசு. உங்கள் ஆசிரியர் சரியாகவே படித்திருக்கிறார். ஆலம்கீர் என்ற பெயர் அதில் இருப்பது நிஜம். அந்தப் பெயரில் இரண்டு முகலாய அரசர்கள் இருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

முதல் ஆலம்கீர் அவுரங்கசீப். 1658இல் பட்டத்துக்கு வந்தார், 1707இல் இறந்தார். இரண்டாவது ஆலம்கீரின் சொந்தப் பெயர் அஜீஸுத்தீன். 1754இல் இமாதுல் முல்க் என்ற மந்திரி அவரைச் சிறையிலிருந்து கொண்டுவந்து டெல்லி அரியணையில் உட்காரவைத்தார். அவுரங்கசீப்பைப் போல ஆக வேண்டும் என்ற ஆசையில் அதே பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர் அவர். ஐந்து வருடம் கழித்து, 1759 நவம்பரில், அதே மந்திரியின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டார்.

உங்கள் காசு யாருடையது என்று அந்த இரண்டு எண்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முகலாயக் காசில் பெரும்பாலும் இரண்டு வருடக் கணக்கு இருக்கும். ஒன்று ஹிஜிரி என்ற இஸ்லாமிய ஆண்டு. இன்னொன்று அரசர் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருடம் என்பது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். உங்கள் காசில் 72 என்பது அவுரங்கசீப் காலத்து 1072 என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் ஆட்சியின் நான்காவது, ஐந்தாவது வருடங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பின்பக்கத்து 6 அதோடு ஒட்டாது. 1172 என்று வைத்துப் பாருங்கள். இரண்டாம் ஆலம்கீரின் ஆறாவது வருடம் ஹிஜிரி 1172இன் பிற்பாதியில், அதாவது 1759 ஏப்ரல் வாக்கில் தொடங்குகிறது. கச்சிதமாகப் பொருந்துகிறது.

எழுத்தும் அதையே சொல்கிறது. அவுரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்களில் வழக்கமாக ஒரு பாரசீக ஈரடி இருக்கும். ஒளிவீசும் முழுநிலவு போல இந்தக் காசை உலகில் அடித்தார் ஷா அவுரங்கசீப் ஆலம்கீர் என்பது அதன் பொருள். தங்கக் காசில் நிலவு இருந்த இடத்தில் சூரியன் வரும். உங்கள் காசில் கவிதை கிடையாது. அஜீஸுத்தீன் முஹம்மது ஆலம்கீர் என்ற பேரரசரின் மங்கல நாணயம் என்ற நேரான வாசகத்தின் துண்டுதான் தெரிகிறது. பின்பக்கம், மங்கலமான ஆட்சியின் 6ஆம் ஆண்டில் ஆற்காட்டில் அடித்தது என்பதற்கான வாசகம். ஆற்காட் என்ற சொல்லின் பின்பாதி உங்கள் மூன்றாவது படத்தில் தெளிவாக இருக்கிறது. எழுத்துகளுக்கு நடுவே இதழ் விரித்த மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கிறதே, அது தாமரை. சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாய்க்கு அடையாளம் அதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தது என்றால் பிறை இருக்கும்.

ஆற்காடு என்று எழுதியிருக்கும் காசு எப்படிச் சென்னையிலும் புதுச்சேரியிலும் அடிக்கப்பட்டது என்று கேட்பீர்கள். ஆற்காட்டு நவாப் என்று நாம் சொல்லும் கர்நாடக நவாபின் தலைநகர் ஆற்காடு. அவருடைய அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் கூடத்தில், அடித்த ரூபாய்க்கு வணிகர்களிடம் நல்ல பெயர். ஐரோப்பியக் கம்பெனிகளோ கப்பல் கப்பலாக வெள்ளியை இறக்கிக்கொண்டிருந்தன. மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளி, ஸ்பானிய டாலராகவும் கட்டியாகவும் பெட்டி பெட்டியாக வந்தது. துணி வாங்க அது அப்படியே செல்லாது. இந்த ஊர் ரூபாயாக மாற்ற வேண்டும். வேறொருவர் அக்கசாலையில் கொடுத்து மாற்றினால் அவருக்குக் கூலியும் வரியும் போகும். அதனால் தாங்களே அடித்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பல வருடம் அலைந்தார்கள். புதுச்சேரி ஆளுநர் துய்மாவுக்கு நவாப் தோஸ்த் அலி கான் 1736இல் அனுமதி கொடுத்தார். சென்னையில் ஆங்கிலேயர்களுக்கு 1742இல் கிடைத்தது. காசில் தங்கள் பெயர் எதுவும் போடக் கூடாது, முகலாய அரசர் பெயரும் ஆற்காடு என்ற ஊர்ப் பெயரும்தான் இருக்க வேண்டும். அதில் அவர்களுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெயர்களுக்காகத்தானே சந்தையில் காசு வாங்கப்பட்டது.

சரி, அப்படியானால் உங்கள் காசு 1759இல் அடித்ததா? அப்படியும் சொல்லிவிட முடியாது. எனக்கு இந்தக் காசில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். 1759 பிப்ரவரியில்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி, புனித ஜார்ஜ் கோட்டை முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். அடுத்த ஜனவரியில் வந்தவாசிச் சண்டை. அதற்கடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே டெல்லியில் ஆலம்கீரும் கொல்லப்பட்டார். ஆனால் சென்னைக் கம்பெனி அவர் பெயரை மாற்றவில்லை. 1172 என்ற ஆண்டையும் 6 என்ற எண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டு, 1807இல் இயந்திரம் வரும் வரை கையால் அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரம் வந்த பிறகும் அதே வாசகம்தான். கடைசியில் 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று, நான்காம் வில்லியம் தலை போட்ட காசு வந்தபோதுதான் செத்துப்போன பாதுஷாவின் பெயருக்கு ஓய்வு கிடைத்தது.

வருடத்தை ஏன் மாற்றாமல் விட்டார்கள் என்பதற்கு அன்றைய கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். அப்போது ரூபாய் என்பது எண்ணி வாங்கும் பொருளாக மட்டும் இல்லை. காசு மாற்றித் தரும் வணிகர்களான சராப்புகள் ஒவ்வொரு காசையும் நோட்டம் பார்த்து, இந்த வருடத்துக் காசு என்றால் முழு மதிப்பு, பழைய வருடம் என்றால் வட்டம், அதாவது தள்ளுபடி, பிடித்துக்கொண்டு மீதி என்று கணக்குப் போடுவார்கள். வெள்ளி குறையாமல் இருந்தாலும் தேதி பழையது என்றால் விலை குறையும். வங்காளத்தில் இந்தத் தொல்லை தாங்காமல் முகலாய அரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆண்டு என்றே எல்லா ரூபாயிலும் போட வைத்தார்கள். தேதி மாறாத காசுக்கு வயது ஏறாது, வட்டமும் பிடிக்க முடியாது. ஆகவே உங்கள் காசு 1759க்கும் 1807க்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் அடிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல அதே அச்சில் அடித்த மற்றக் காசுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எழுத்து வெட்டுப்பட்டிருப்பது அபூர்வம் என்று சொன்னவருக்குக் கையடி நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்காது. அச்சு பெரியது, வெள்ளித் துண்டு சின்னது. எப்போதும் அப்படித்தான். உருக்கிய வெள்ளியைத் துண்டாக்கி, எடை பார்த்து, கூடினால் ஓரத்தில் சீவி, குறைந்தால் துளி சேர்த்து, தட்டித் தட்டி வில்லை ஆக்குவார்கள். ஒரு அச்சு கட்டையில் பதிந்திருக்கும். வில்லையை அதன் மேல் வைத்து, இன்னொரு அச்சை மேலே பிடித்துக்கொள்வார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர் சுத்தியலால் ஓங்கி அடிப்பார். அக்பர் காலத்து அக்கசாலைப் பதிவுகளில்கூட வில்லை வெட்டுபவர், அச்சில் வைப்பவர், அடிப்பவர் என்று தனித்தனி ஆட்கள் வருகிறார்கள். வில்லை அச்சின் எந்த மூலையில் விழுந்ததோ அந்த எழுத்துதான் பதியும். முழு வாசகமும் ஒரே காசில் கிடைப்பதுதான் அரிது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் ஒன்றில் தலையையும் இன்னொன்றில் காலையும் பார்த்துச் சேர்த்துப் படிக்கிறோம்.

அடுத்த முறை காசைக் கையில் எடுக்கும்போது சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இரண்டு இடத்தில் மெல்லிய வெடிப்பு இருக்கிறது. அடி விழுந்தபோது வெள்ளி வெளிப்பக்கம் பிதுங்கிக் கிழிந்த தடம் அது. ஓரத்துக்கு நெருக்கமான எழுத்துகளின் அடியில் வெளிநோக்கி நூல் நூலாகக் கோடுகள் தெரியும். உலோகம் நகர்ந்த திசை அது. முன்பக்கத்தின் ஒரு மூலை மழுங்கியிருக்கிறது இல்லையா, அது தேய்மானம் என்று நினைக்காதீர்கள். அதற்கு நேர் பின்னால் பின்பக்கமும் மழுங்கியிருப்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் வில்லை சற்று மெலிந்திருந்ததால் அடி சரியாக விழவில்லை. இதெல்லாம் வார்ப்பில் வராது. அச்சில் ஊற்றி எடுத்த போலிக் காசில் ஓரத்தைச் சுற்றி இணைப்புக் கோடு, அல்லது அதை அரத்தால் ராவி மறைத்த தடம் இருக்கும். எழுத்தின் விளிம்பு கூர்மை இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள் இருக்கும்.

அந்தக் குத்துகளைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். யாரோ விளையாட்டாகக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தீர்களாம். அவை சராப்புகளின் முத்திரைகள். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி போர்த்திய கள்ளக் காசுகள் அன்றைக்கும் புழங்கின. நோட்டக்காரர் சந்தேகம் வந்தால் உளியால் ஒரு வெட்டு வெட்டி உள்ளே பார்ப்பார். சரியாக இருந்தால் தன் அடையாளமாக ஒரு குத்து. அடுத்த ஊரில் அடுத்த சராப் அவர் பங்குக்கு ஒன்று. உங்கள் காசில் ஒரு பூ, ஒரு புள்ளி வட்டம், ஒரு பிறை, விளிம்பில் ஆழமான வெட்டு ஒன்று. அந்த வெட்டுக்குள் பாருங்கள், அடிவரை வெள்ளிதான். இத்தனை கை மாறி, இத்தனை பேர் சோதித்து ஒப்புக்கொண்ட காசு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தப் பிறையை வைத்து யாராவது இதைப் புதுச்சேரிக் காசு என்று சொல்லக்கூடும். விரல் நகத்தால் லேசாகத் தடவிப் பாருங்கள். அக்கசாலைக் குறி அச்சிலேயே செதுக்கியது, அதனால் காசில் மேலெழும்பி நிற்கும். சராப் குத்து பிறகு அடித்தது, உள்ளே குழிந்திருக்கும். உங்கள் பிறை குழிந்தது, தாமரை எழும்பியது. ஆகவே சென்னைதான்.

மேலே உள்ள தடம் வளையம் பற்றவைத்துப் பிறகு கழற்றியது. ஒரு காலத்தில் கழுத்திலோ குழந்தை இடுப்பிலோ தொங்கியிருக்கும். சேகரிப்பவர்கள் இதற்காக விலையைக் குறைப்பார்கள். அதற்காகப் பற்றுப்பொடியைச் சுரண்டி எடுக்க வேண்டாம். சுரண்டிய காயம் அதைவிட மோசமாகத் தெரியும்.

உண்மைக் காசுதானா என்பதில் படத்தைப் பார்த்த அளவில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. எடையும் சரி. ஆற்காட்டு ரூபாயின் எடை ஏறக்குறைய 11.4 கிராம், இரண்டு நூற்றாண்டில் கொஞ்சம் தேய்ந்திருக்கும். இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள், காசுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. நகைக்கடைத் தராசில் ஒரு தம்ளர் சுத்தமான தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விலக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் 11.3ஐ வகுக்க வேண்டும். நல்ல வெள்ளி என்றால் தராசு 1.1 கிராமை ஒட்டிக் காட்டும், விடை 10.2, 10.3 என்று வரும். சுத்த வெள்ளிக்கு 10.5. பித்தளை, செம்பு கலந்த போலி என்றால் தராசு 1.25க்கு மேலே போய்விடும். இதைச் செய்யும்போது கடைக்காரர் பழக்கதோஷத்தில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிடப் போகிறார், அதை மட்டும் தடுத்துவிடுங்கள். அமிலத் துளியும் கூடாது.

சுத்தம் செய்வதைப் பற்றி. காசில் இருக்கும் கருப்பு, காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டானது. மெல்லிய படலம்தான், உள்ளே அரிக்காது. அதை எடுத்துவிட்டால் அடியில் புதுப் பரப்பு திறந்துகொண்டு மறுபடி கருக்கும். ஒவ்வொரு முறையும் வெள்ளியின் மேல்தோல் கொஞ்சம் போகும். புளி, விபூதி, சாம்பல், பற்பசை எல்லாமே ஏதோ ஒரு வகையில் தின்றுவிடும் அல்லது கீறிவிடும். நான் மேலே சொன்ன அந்த நூல்கோடுகள் முதலில் போகும், சராப் குத்தின் கூர்மை அடுத்தது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வைத்து வெளுக்கும் வித்தையைச் செல்போனில் பார்த்திருப்பீர்கள். காசு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிப்போகும். வேண்டாம்.

உங்கள் காசில் கருப்பைத் தவிர எழுத்து இடுக்குகளில் மஞ்சளும் குங்குமமும் படிந்திருக்கிறது. அதை எடுக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) சில மணி நேரம் ஊறவையுங்கள், தேய்க்காமல் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள், பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். அதோடு போகாததை விட்டுவிடுங்கள். நோன்புக் கலசத்தில் தொடர்ந்து போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆயா செய்ததை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. கலசத் தண்ணீருக்குள் போடாமல் முன்னால் ஒரு தட்டில் வையுங்கள், மஞ்சளும் சந்தனமும் காசின் மேல் பூசாதீர்கள். கற்பூரப் புகை நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, காசில் கருப்புக் கோடு விழும். செய்தித்தாளும் வேண்டாம். கடைகளில் விற்கும் வாசனை வீசும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் சில வருடத்தில் பச்சைப் பசையைக் கக்கும். நாணயக் கடையில் பிவிசி கலக்காத கடினமான உறை என்று கேட்டு வாங்குங்கள். அதை ஒரு டப்பாவில் போட்டு, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் போதும்.

விலை என்று வந்தால் நான் ஒளிக்காமல் சொல்கிறேன், லட்சம் வராது. கம்பெனி தாமரை ரூபாயை ஏராளமாக அடித்தது, இன்றும் நிறையக் கிடைக்கிறது. குத்துகளும் வளையத் தடமும் உள்ள காசுக்கு வெள்ளியின் எடை விலையைவிட ஓரளவு மேலே, சில ஆயிரம் ரூபாய் என்ற அளவில்தான் சேகரிப்பவர்கள் கொடுப்பார்கள். செஞ்சிக்கு முகலாயர் வைத்த பெயர் நுஸ்ரத்கட். அந்த ஊர்ப் பெயரோடு அவுரங்கசீப் ரூபாய்களும் உண்டு. உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் அது வேறு கதை. ஆனால் உங்கள் காசை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உருக்கினால் கிடைப்பது வெறும் வெள்ளி விலை, அதிலும் கழிவு போகும்.

லட்சம் தருகிறேன் என்று இணையத்திலோ வாட்ஸாப்பிலோ யாராவது சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு இப்படி ஏமாற்றுகிறார்கள். பழைய காசு வாங்கவோ விற்கவோ யாரிடமும் கட்டணம் வசூலிக்கத் தாங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை என்று வங்கி 2021 ஆகஸ்டில் பொது அறிவிப்பே வெளியிட்டது. விற்பதானால் உரிமம் பெற்ற தொல்பொருள் வணிகரிடம் நேரில் காட்டி விற்கலாம்.

குடும்பப் பெட்டியில் வழிவழியாக வந்த காசை நீங்கள் வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. மண்ணுக்கடியில் கிடைத்தால்தான் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். உங்கள் ஊரில் ஏரி தூர்வாரும்போதும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் இப்படிக் கிடைப்பதுண்டு, அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்.

அண்ணனுக்குத்தான் ஏமாற்றமாக இருக்கும். 100 வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை மத்திய அரசோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. சட்டைப் பையில் போட்டு எடுத்துச் சென்றாலும், தபாலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. விலை சில ஆயிரம்தானே என்பது அங்கே பதிலாகாது. அவர் பங்கு அவருக்கு உண்டு, காசு இங்கேயே இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் ஓரமும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள், ஊருக்கு வரும்போது கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று செய்யுங்கள். சென்னைக்கு வரும் வேலை இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் காட்டுங்கள், அங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான காசுகள் இருக்கின்றன. போவதற்கு முன் ஒரு தாளில் எடை, குறுக்களவு, ஆசிரியர் படித்த வாசகம், தாமரைக் குறி, குத்துகள் எத்தனை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயாவுக்கு அது யாரிடமிருந்து வந்தது, அம்மா வீட்டுச் சீதனமா, எந்த ஊர், கழுத்தில் போட்டிருந்தவர் யார் என்று வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு அதே தாளில் எழுதுங்கள். காசின் விவரத்தை நானோ வேறொருவரோ பிறகும் சொல்லிவிடலாம், இந்தத் தகவல் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.